ஸ்கேனில் தெரியும் வெண்மை: சிறு இரத்தநாள நோய் எப்படி முற்றுகிறது?

கேள்வி: என் தந்தைக்கு 74 வயது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல வருடங்களாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் ‘எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே’ என்று இடையிடையே நிறுத்திவிடுவார். போன மாதம் குளியலறையில் தடுமாறி விழுந்தார். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் அடி எதுவும் இல்லை. ஆனால் ‘சிறு இரத்தநாளங்கள் சார்ந்த நாள்பட்ட மாற்றங்கள், ஃபாஸெகாஸ் தரம் 2, இடது தலாமஸில் பழைய லாக்யூன்’ என்று அறிக்கை சொல்கிறது. பார்த்த மருத்துவர் ‘வயதானால் வருவதுதான்’ என்றார். உறவினர் ஒருவரோ, ஐந்து வருடத்தில் நினைவே போய்விடும் என்று பயமுறுத்துகிறார். அப்பாவுக்கு ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரு வருடமாகக் காலைத் தேய்த்து நடக்கிறார். சிறுநீர் வந்தால் அடக்க முடிவதில்லை. பத்துப் பேருடைய சீட்டுக் கணக்கை விரல்நுனியில் வைத்திருந்தவர் இப்போது நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். இது எப்படி முற்றும்? நிறுத்த முடியுமா? ஆஸ்பிரின் கொடுக்கலாமா? வருடா வருடம் ஸ்கேன் வேண்டுமா? எனக்கு 44 வயது, எனக்கும் வருமா? – வாசகி, திருநெல்வேலி.

பதில்: உங்களிடம் சொல்லப்பட்ட இரண்டு கருத்துகளிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. அறிக்கை சொல்லும் ‘நாள்பட்ட மாற்றங்கள்’ எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்மையாகத் தெரியும்; வயது ஏற ஏற மூளையில் இத்தகைய வெண்மை தோன்றுவது மிகப் பரவலானது என்பது சரி. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 60 முதல் 90 வயது வரையுள்ள 1,077 பேரை ஸ்கேன் செய்து பார்த்தபோது, வெண்மையே இல்லாதவர்கள் 100க்கு 5 பேர்தான் இருந்தார்கள். ஆனால், பலருக்கும் இருக்கிறது என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. உங்கள் தந்தையின் அறிக்கையில் இருப்பது அங்கொன்றும் இங்கொன்றுமான புள்ளிகள் அல்ல. கூடவே ஒரு லாக்யூன் இருக்கிறது, நடை மாறியிருக்கிறது, ஒருமுறை விழுந்தும் இருக்கிறார். இதையெல்லாம் வயதின் கணக்கில் எழுதி மூடிவிட முடியாது. அதே சமயம், ஐந்து வருடம் என்று கெடு வைத்தவர் எதை வைத்து அப்படிச் சொன்னார் என்பது எனக்கு விளங்கவில்லை. ஒரே ஒரு ஸ்கேனைப் பார்த்து அப்படிச் சொல்லக்கூடிய நரம்பியல் மருத்துவர் எவரும் இல்லை.

மூளையின் மேற்பரப்பில் ஓடும் பெரிய இரத்தக்குழாய்களிலிருந்தும் அடிப்பகுதியில் உள்ள குழாய்களிலிருந்தும் மெல்லிய கிளைகள் பிரிந்து உள்ளே இறங்குகின்றன. பெரும்பாலானவை அரை மில்லிமீட்டருக்கும் குறைவான குறுக்களவு கொண்டவை. இவை முடிகிற இடம்தான் மூளையின் ஆழத்திலுள்ள வெண்பொருள், அதாவது மூளையின் ஒரு பகுதியை மற்றொன்றோடு இணைக்கும் நரம்பிழைகளின் தொகுப்பு. உங்கள் ஊர்ப் பாசனத்தில் கடைமடை வயல் எப்படியோ அப்படித்தான் இந்தப் பகுதி: வரத்து குறைந்தால் முதலில் காய்வது இதுதான், பக்கத்திலிருந்து வேறு வாய்க்கால் வந்து காப்பாற்றுவதும் அரிது. பல வருடங்கள் உயர்ந்தே இருக்கும் இரத்த அழுத்தம் இந்த நுண்குழாய்களின் சுவரைத் தடிக்கவும் விறைக்கவும் செய்கிறது. உள்வழி சுருங்குகிறது, தேவைக்கேற்ப விரிந்து கொடுக்கும் தன்மை போகிறது, சுவர் வழியே இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து சுற்றியுள்ள திசுவைக் கெடுக்கிறது. ‘அடைப்பு’ என்ற ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, ‘அதைக் கரைக்க மருந்து இல்லையா’ என்று கேட்பவர்கள் பலர். பெரும்பகுதி நாட்கணக்கில் அல்ல, பல்லாண்டுக் கணக்கில் நடக்கும் சுவர்ச் சிதைவு இது என்பதால் கரைப்பதற்கென்று அங்கே ஒன்றும் இல்லை.

அறிக்கையில் உள்ள சொற்களைப் பார்ப்போம். ஃபாஸெகாஸ் என்பது ஆஸ்திரிய நரம்பியல் மருத்துவர் ஒருவரின் பெயர். 1987இல் அவரும் உடன் பணிபுரிந்தோரும் வகுத்த அளவுகோல், வெண்மையை 0 முதல் 3 வரை தரம் பிரிக்கிறது. ஆழமான வெண்பொருளில் தனித்தனிப் புள்ளிகள் இருந்தால் 1, புள்ளிகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கினால் 2, சேர்ந்து திட்டாகப் பரவியிருந்தால் 3. உங்கள் தந்தை நடுவில் இருக்கிறார். தலாமஸ் என்பது மூளையின் ஆழத்தில் உள்ள ஒரு பகுதி. லாக்யூன் என்பது 3 முதல் 15 மில்லிமீட்டர் வரையிலான, நீர் நிரம்பிய சிறு குழி. அதைப் பக்கவாதம் என்று சொல்லலாமா என்றால், பெரும்பாலும் ஆம்: ஒரு நுண்குழாய் எப்போதோ அடைபட்டு, அது ஊட்டிய துளியளவு திசு இறந்துபோன தடம் அது. அன்றைக்கு ஒரு கை சற்று மரத்திருக்கலாம், பேச்சு சற்றுக் குழறியிருக்கலாம், எதுவுமே தெரியாமலும் போயிருக்கலாம். தந்தையிடமும் தாயிடமும் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். பதில் எப்படி வருகிறது என்பதைப் பொறுத்து மருந்து மாறும், அதைக் கீழே சொல்கிறேன்.

அறிக்கையில் நீங்கள் குறிப்பிடாத ஒன்றையும் கேட்டறிய வேண்டும். நுண் இரத்தக் கசிவுகளைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற பதிவு அந்த ஸ்கேனில் எடுக்கப்பட்டதா? கசிவுகள் மூளையின் ஆழத்தில் இருந்தால் அவை பெரும்பாலும் இரத்த அழுத்தத்தின் வேலை. வெளிப்புற மடல்களில் மட்டும் இருந்தால், குழாய்ச் சுவரில் அமிலாய்டு என்ற புரதம் படியும் வேறொரு நோயை நினைக்க வேண்டியிருக்கும். அப்போது இரத்தத்தை இளக்கும் மருந்துகளில் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படும்.

இனி உங்கள் முதல் கேள்வி. இந்நோய் ஒரே சீரான வேகத்தில் முன்னேறுவதில்லை. நெதர்லாந்தின் நெய்மேகன் நகரில் 2006இல் தொடங்கிய ஆய்வு ஒன்று, சிறு இரத்தநாள நோயுள்ள 50 முதல் 85 வயது வரையிலான 503 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, மீண்டும் மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. வெண்மை வளரும் வேகம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கூடுவதும், தொடக்கத்தில் ஏற்கெனவே கூடுதலாக இருந்தவர்களிடமே அது விரைவாக வளர்வதும் அதில் தெரிந்தன. சொற்பமாக இருந்தவர்கள் கடுமையான நிலைக்குப் போவது அரிதாகவே இருந்தது. நானும் முதலில் படித்தபோது வியந்த ஒரு செய்தி, சிலரிடம் வெண்மை குறைந்தும் இருந்தது என்பது. வெண்மையாகத் தெரிவது எல்லாமே இறந்த திசு அல்ல, ஒரு பகுதி நீர் கோத்த திசுவாக இருக்கலாம் என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். ஆனால் இந்தக் குறைவை மருந்து கொடுத்து வரவழைக்கும் வழி இன்று நம் கையில் இல்லை.

ஸ்கேனில் வளர்வது ஒருபுறமிருக்க, ஆள் எப்படி இருப்பார் என்பதுதானே உங்கள் கவலை? அதற்கு அருகில் வருவது லேடிஸ் என்ற ஐரோப்பிய ஆய்வு. 11 மையங்களில், 65 முதல் 84 வயது வரையிலான, தம் வேலைகளைத் தாமே பார்த்துக்கொண்டிருந்த 639 பேரை அது பின்தொடர்ந்தது. அன்றாட வேலைகளுக்குப் பிறர் உதவியை நாடும் நிலைக்கு வந்தவர்களும் இறந்தவர்களும் சேர்த்து, வெண்மை குறைவாக இருந்தவர்களில் ஆண்டுக்கு 10.5 விழுக்காடு, நடுத்தரமாக இருந்தவர்களில் 15.1 விழுக்காடு, கடுமையாக இருந்தவர்களில் 29.5 விழுக்காடு. நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் இடையே எண்கள் ஏறத்தாழ இரட்டிப்பாவதைக் கவனியுங்கள். உங்கள் தந்தை நிற்பது அந்த மேட்டுக்கு இந்தப் பக்கம். சிகிச்சையின் முழு நோக்கமும் அவரை அங்கேயே முடிந்தவரை நிறுத்திவைப்பதுதான். இவை ஒரு கூட்டத்தின் சராசரிகள் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே அளவு வெண்மையுள்ள இருவரில் ஒருவர் சந்தைக்குப் போய் வருவார், மற்றவர் நாற்காலியை விட்டு எழச் சிரமப்படுவார். அதனால்தான் என்னிடம் வருபவர்களின் ஸ்கேன் படத்தை வாங்குவதற்கு முன்பு, அறையின் வாசலிலிருந்து மேசைவரை அவர்கள் நடந்து வருவதைப் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் அந்த நடையை நன்றாகவே விவரித்திருக்கிறது. அடி குறுகும், கால்கள் சற்று அகன்று விழும், செருப்பு தரையை உரசும், வாசற்படியிலும் திரும்பும் இடத்திலும் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கும். ஆனால் கைகள் ஓரளவு இயல்பாகவே வீசும். பார்க்கின்சன் நோயில் கைவீச்சு முதலிலேயே குறைந்துவிடும், பலருக்கு ஓய்வில் கைநடுக்கமும் இருக்கும். சிந்தனையிலும் இதே மந்தம்தான் வருகிறது. இந்நோயில் முதலில் அடிவாங்குவது நினைவு அல்ல, வேகமும் திட்டமிடலும். யார் எந்த மாதம் சீட்டு எடுத்தார் என்பது அவருக்குத் தெரியும். யாரிடம் வாங்கி, எதில் கழித்து, எங்கே எழுதுவது என்ற வரிசைதான் கைநழுவுகிறது. ‘சுப்பையா கட்டியாகிவிட்டதா?’ என்று நீங்கள் அடியெடுத்துக் கொடுத்தால் மளமளவென்று சொல்லிவிடுவார். அல்சைமர் நோயில் அப்படி அடியெடுத்துக் கொடுத்தாலும் பெரும்பாலும் வராது. இந்த வேறுபாடு பயனுள்ளதே தவிர முடிவானதல்ல. 75ஐத் தாண்டிய பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கின்றன. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ வீட்டில் யாரும் ஏச வேண்டாம். ஒன்றைத் தொடங்குவதற்கான உந்துதலைத் தரும் நரம்பிழைகள் இந்த வெண்பொருள் வழியாகத்தான் ஓடுகின்றன. அழுகை, தூக்கமின்மை, ‘இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு ஆகியவையும் சேர்ந்தால் அது மனச்சோர்வு. அதற்குத் தனியே சிகிச்சை உண்டு, பலனும் உண்டு.

1997இல் சுவீடனைச் சேர்ந்த மருத்துவக் குழு ஒன்று எளிமையான ஒன்றைச் சுட்டிக்காட்டியது: நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லும் முதியவர்கள், பின்னர் அதிகம் விழுந்தார்கள். உங்கள் தந்தையோடு தெருமுனைவரை நடக்கும்போது எதையாவது கேட்டுப் பாருங்கள். நின்று பதில் சொன்னால், குளியலறையிலும் படிக்கட்டிலும் அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரைவிரிப்பு, கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு ஆகிய மூன்றையும் இந்த வாரமே செய்துவிடுங்கள். இடுப்பெலும்பு முறிவு அவரைப் படுக்கையில் தள்ளும் வேகத்தில் எந்த வெண்மையும் தள்ளுவதில்லை.

ஆனால் எல்லாவற்றையும் இந்த ஒரு நோயின் தலையில் கட்டுவதற்கு முன் சில சோதனைகள் பாக்கி இருக்கின்றன. நடைத் தடுமாற்றம், சிறுநீர் அவசரம், சிந்தனை மந்தம் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவது மூளையின் நீர்ப்பைகள் பெருத்துவிடும் இன்னொரு நிலையிலும் உண்டு; அதற்கு அறுவைச் சிகிச்சையால் பலன் கிடைக்கக்கூடும் என்பதால் ஸ்கேனை அந்தக் கண்ணோடு ஒருமுறை நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். பி12 வைட்டமின், தைராய்டு இரண்டையும் இரத்தத்தில் பார்த்துவிடுங்கள். விழுந்து சில வாரங்கள் கழித்து மந்தம் திடீரெனக் கூடினால், மண்டையோட்டுக்குள் மெதுவாக இரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க மீண்டும் ஸ்கேன் எடுக்க நேரிடலாம். தூக்கத்துக்கென்று வாங்கும் அல்பிரசோலம், சளிக்கென்று வாங்கும் குளோர்ஃபெனிரமின், சிறுநீர் அவசரத்துக்கென்று தரப்படும் ஆக்சிபியூட்டினின் போன்றவை இந்த மூளையை மேலும் மந்தமாக்கும். அவர் சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும், மருந்துக்கடையில் தானாக வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

நிறுத்த முடியுமா என்பதற்கு என் பதில்: தேய்ந்ததை மீட்க முடியாது, தேய்வதை மெதுவாக்க முடியும். இதற்கு இன்று நம்மிடம் உள்ள வலுவான கருவி இரத்த அழுத்தக் கட்டுப்பாடு. அமெரிக்காவில் நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வில் ஒரு சாராருக்கு மேல் அழுத்தம் 120க்குக் கீழும் மற்றொரு சாராருக்கு 140க்குக் கீழும் இலக்காக வைக்கப்பட்டது. அதில் ஸ்கேன் இருமுறை எடுக்கப்பட்ட 449 பேரில், ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் வெண்மையின் வளர்ச்சி 140 இலக்கு உடையவர்களிடம் 1.45 கன சென்டிமீட்டர், 120 இலக்கு உடையவர்களிடம் 0.92. லேசான அறிவுத்திறன் குறைவு ஏற்படுவதும் 120 இலக்கு உடையவர்களிடம் குறைந்தது. டிமென்ஷியா எனும் மறதிநோய் குறைந்ததை மட்டும் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல இயலவில்லை. சர்க்கரை நோயாளிகளையும் முன்பு பக்கவாதம் வந்தவர்களையும் அந்த ஆய்வு சேர்க்கவில்லை என்பதால் அந்த 120ஐ அப்படியே எடுத்து எல்லோருக்கும் பொருத்த நான் விரும்புவதில்லை. உங்கள் தந்தையின் வயதுக்கும் நிலைமைக்கும், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் இல்லாதவரை, 130க்குக் கீழ் என்பது நியாயமான இலக்கு.

அந்த ‘எழுந்து நிற்கும்போது’ என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அவர் விழுந்திருக்கிறார் என்பது. மேல்கையில் கட்டும் கருவி ஒன்றை வாங்குங்கள். மணிக்கட்டுக் கருவி வேண்டாம். காப்பி குடித்து அரைமணி நேரமாவது கழித்து, ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து பேசாமல் உட்காரவைத்து, கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து குறியுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், மாலையில் ஒருமுறை, ஏழு நாட்கள். இதோடு ஒருநாள், படுத்திருக்கும்போது அளந்து, எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளந்து பாருங்கள். மேல் அழுத்தம் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மாத்திரையின் வகையையும் நேரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். பெரிய உறையில் ஸ்கேன் படங்களைச் சுமந்து வருபவர்களில் பெரும்பாலோர் இந்த ஏழு நாள் குறிப்பைக் கொண்டுவருவதில்லை; எனக்கோ அந்தப் படத்தைவிட இந்தத் தாள்தான் அதிகம் உதவும். மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிடும் பழக்கத்தில் அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அதுவும் நுண்குழாய்களுக்குக் கெடுதல். ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று அவர் சொன்னால், அந்த லாக்யூனும் அப்படித்தான் ஒன்றும் தெரியாமல் வந்தது என்று எடுத்துச் சொல்லுங்கள். மருந்துக்கு அலைவதுதான் தடை என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம்.

ஆஸ்பிரினை நீங்களாகத் தொடங்காதீர்கள். பக்கவாத அறிகுறி எப்போதும் இல்லாமல் ஸ்கேனில் மட்டும் தெரியும் சிறு இரத்தநாள நோய்க்கு, இதயநோய் போன்ற வேறு காரணம் இல்லாவிட்டால், அதைக் கொடுக்க வேண்டாம் என்றே ஐரோப்பியப் பக்கவாத அமைப்பின் 2021 வழிகாட்டல் சொல்கிறது. பெரும்பாலும் 70 வயதைக் கடந்த 19,114 பேர் பங்கேற்ற ஆஸ்பிரீ ஆய்வில், நலமாக இருந்த முதியவர்களுக்கு ஆஸ்பிரின் பலன் தரவில்லை, இரத்தக்கசிவைத்தான் கூட்டியது. ஆனால் அந்த லாக்யூன் ஏற்பட்ட காலத்தில் கை மரத்ததோ பேச்சுக் குழறியதோ உண்டு என்று தெரியவந்தால் கணக்கு வேறு: அப்போது ஆஸ்பிரின் அல்லது அதைப்போலவே இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரல், இரண்டில் ஒன்றை மருத்துவர் தொடங்குவார். நீண்ட காலத்துக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதால், லாக்யூன் வகைப் பக்கவாதம் வந்த 3,020 பேரிடம் நடந்த ஆய்வில் பக்கவாதம் குறையவில்லை, இரத்தக்கசிவும் இறப்பும் கூடின. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், சர்க்கரைக் கட்டுப்பாடு, புகையிலையை விடுதல் ஆகியவை பக்கவாதத்தைத் தடுப்பதற்காகத் தேவை. மூளைக்குச் சத்து என்று எழுதித் தரப்படும் சிட்டிகோலின், பிராசிட்டம் போன்றவை இந்நோயின் முன்னேற்றத்தைத் தடுக்கும் என்று நான் நம்புவதற்குப் போதிய சான்று இல்லை. அந்தப் பணத்துக்கு ஒரு பி.பி. கருவியும் குளியலறைக் கம்பியும் வந்துவிடும். ஐசோசார்பைடு மோனோநைட்ரேட், சிலோஸ்டசால் என்ற இரண்டு பழைய மருந்துகளைப் பிரிட்டனில் 363 பேரிடம் சோதித்த லாசி-2 ஆய்வு நம்பிக்கை தரும் விதத்தில் இருந்தது. பெரிய ஆய்வின் முடிவு வரும்வரை அதை வழக்கமான சிகிச்சையாகக் கொள்ள முடியாது.

நடைப்பயிற்சியைத் துணைக்கு ஆள் வைத்துக்கொண்டாவது தினமும் தொடரச் செய்யுங்கள். லேடிஸ் ஆய்வில், உடலுக்கு வேலை கொடுத்தவர்களுக்கு அறிவுத்திறன் குறைவது குறைவாகவே இருந்தது. உப்பு ஒருநாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு நான்கையும் தட்டிலிருந்து எடுத்தாலே பாதிக் காரியம் முடிந்துவிடும். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடை உண்டா என்று பார்க்க வேண்டும். அவர் தெளிவாக முடிவெடுக்கக்கூடிய இந்த நேரத்திலேயே வங்கிக் கணக்கில் கூட்டுப்பெயர், வாரிசு நியமனம் போன்றவற்றை அவர் சம்மதத்தோடு, அவர் கையாலேயே முடித்துவிடுவது நல்லது. சீட்டுக் கணக்கைப் பிடுங்கிக்கொள்ளாமல், பக்கத்தில் உட்கார்ந்து வரிசையை மட்டும் நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.

வருடா வருடம் ஸ்கேன் தேவையில்லை. வெண்மை சற்றுக் கூடியிருந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை; அவருடைய நடையும் வேலை செய்யும் திறனும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எப்படி இருக்கின்றன என்று குறித்து வைப்பதே போதும். மோக்கா போன்ற அறிவுத்திறன் சோதனை தமிழிலும் உண்டு, அதை இப்போது ஒருமுறை எடுத்துவைத்தால் பிற்பாடு ஒப்பிட உதவும். ஆனால் முகம் கோணுவது, ஒரு கையோ காலோ திடீரென வலுவிழப்பது, பேச்சுக் குழறுவது ஆகியவற்றில் எது நேர்ந்தாலும், ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடாமல் 108ஐ அழையுங்கள். குழாயை அடைக்கும் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம்தான். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் பற்றிய கேள்விக்கு: பெரும்பாலானவர்களிடம் இது பெற்றோரிடமிருந்து நேரடியாக வரும் நோயல்ல. நாட்ச்3 என்ற மரபணுவில் பிழை ஏற்படுவதால் குடும்பத்தில் இறங்கும் கடாசில் என்ற வகை ஒன்று உண்டு. அதில் ஒற்றைத் தலைவலியும் 40, 50 வயதிலேயே பக்கவாதமும் குடும்பத்தில் பலருக்கு இருக்கும். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை. இரத்த அழுத்தம் குடும்பத்தில் தொடரும் என்பது வேறு விஷயம், அதுவும் நாற்பதுகளில் கட்டுப்படாமல் இருப்பதுதான் எழுபதுகளில் மூளையில் தெரிகிறது. தந்தைக்கென்று வாங்கும் கருவியில் நீங்களும் ஏழு நாட்கள் அளந்து பாருங்கள். சராசரி 135க்கு 85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தத் தாளோடு உங்களுக்கென்றும் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.